ஐந்தாம் வகுப்பு அளந்த வயல்

பள்ளிக்கூடத்தில் போலீஸ் குடியேறிய மூன்றாம் நாள், அக்னஸ் டீச்சர் புளியமரத்தடியில் வகுப்பு நடத்திப் பார்த்தாள். அது கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை.

1972, ஆவணி கடைசி. குமிழங்குடியில் குறுவை பால் பிடித்து முற்றிக்கொண்டிருந்தது. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று தெற்குத் தெருக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொள்கிறேன் என்றார் பண்ணையார் சிங்காரவேலு. இரண்டு பக்கமும் கம்பைத் தூக்கிய மறுநாள் ரிசர்வ் போலீஸ் வந்து இறங்கியது. ஊரில் ஓடு போட்ட பொதுக் கட்டடம் என்றால் மாதா கோவில் நடத்தும் ஆரம்பப் பள்ளி ஒன்றுதான். நான்காம் வகுப்பில் அடுப்பு மூட்டினார்கள். ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையின் ஆணிகளுக்கு நடுவே கயிறு கட்டிக் காக்கிச் சட்டைகளைக் காயப்போட்டார்கள்.

மரத்தடி வகுப்பைக் கலைக்க வந்த சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். ஊரில் தடை உத்தரவு இருக்கிறது, ஐந்து பேர் ஓரிடத்தில் கூடினால் சட்ட விரோதம் என்றார். இவர்கள் நான்காவதும் ஐந்தாவதும் படிக்கிற குழந்தைகள் என்றாள் அக்னஸ்.

"உத்தரவுல வயசு போடலையே டீச்சர்" என்றார் அவர்.

அக்னஸுக்கு இருபத்துநான்கு வயது. மாதா கோவில் தெருவில் ஆசிரியப் பயிற்சி முடித்த முதல் பெண். அவளுடைய அம்மா செபஸ்தியம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் படிக்கவைத்த படிப்பு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. அதற்குள் பள்ளி ஆய்வாளர் அவளுடைய நியமனத்துக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாடமே நடக்காத பள்ளிக்கூடத்தின் டீச்சருக்கு எந்த ஆய்வாளர் கையெழுத்துப் போடுவார்?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளைகள் வகுப்புக்கு வர முடியாவிட்டால் வகுப்பு வீட்டுக்குப் போகட்டும். இரண்டு வகுப்பிலும் சேர்த்துப் பதினோரு பேர். கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதினால் ஒரு தடவைக்கு நான்கு பிரதி வரும். மூன்று தடவை எழுதினால் பன்னிரண்டு. பதினொன்று பிள்ளைகளுக்கு, மிச்சம் ஒன்று தனக்கு. திங்கட்கிழமை காலையில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு சனிக்கிழமை மாலையில் திரும்ப வாங்கிக்கொள்வாள். ஒவ்வொரு தாளிலும் கடைசி வரி ஒன்றேதான்: தனித்தனியாகச் செய்யவும், கூட்டமாகப் போகக் கூடாது.

முதல் வாரம், வீட்டைச் சுற்றி வரும் பறவைகளின் பெயரும் அவை வரும் நேரமும். இரண்டாம் வாரம், வீட்டிலுள்ள மூன்று பேரின் வயதைக் கேட்டு அவர்கள் பிறந்த வருஷத்தைக் கணக்குப் போடுவது. முருகையன் மகள் வேம்பு, தன் அப்பா மூன்று தடவை மூன்று வயது சொன்னதாகவும், மூன்றுக்கும் கணக்குப் போட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாள். மூன்றாம் வாரம், ஈரத்துணியில் நெல்லைக் கட்டி வைத்து முளையைத் தினமும் வரைவது. நாலாவது படிக்கும் மருதையன் வீட்டு முளையைக் கோழி தின்றுவிட்டது. அவன் கோழியை வரைந்து அனுப்பியிருந்தான்.

வேலை சுவாரசியமாகப் போயிற்று. தெற்குத் தெருவில் அப்பாக்கள் வேலைநிறுத்தத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததால் தாளை அவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அக்னஸ் தைரியமாகவே நான்காம் வாரத்துத் தாளை எழுதினாள்.

"வீட்டு வாசலைத் தாண்டியதும் உள்ள சதுரமான அல்லது நீண்ட சதுரமான ஓர் இடத்தை உங்கள் காலடியால் அளக்கவும். நீளம், அகலம், பரப்பு காண்க. படம் வரைந்து நான்கு எல்லைகளையும் குறிக்கவும். அந்த இடம் யாருடையது என்று பெரியவர்களைக் கேட்டுத் தாளின் பின்பக்கம் எழுதவும்."

எழுதும்போது அவள் மனதில் இருந்தது கொல்லை. முருங்கையும் வாழையும் நிற்கிற, மாதா கோவில் தெருவில் எல்லா வீட்டுக்கும் இருக்கிற கொல்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் நான்கு பேரும் அதைத்தான் அளந்தார்கள்.

மற்ற ஏழு பேரும் தெற்குத் தெரு. அங்கே கொல்லை கிடையாது. வாய்க்கால் கரையில் ஒட்டி ஒட்டி நிற்கிற குடிசைகளின் வாசலைத் தாண்டினால் முதலில் வருகிற நீண்ட சதுரம் பண்ணையாரின் வயல்தான்.

ஏழு பிள்ளைகளும் ஆளுக்கொரு வயலாக எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் சொன்னபடி கூட்டமாகப் போகாமல், ஒருத்தர் போய் வந்த பிறகு இன்னொருத்தர் என்று இடைவெளி விட்டுப் போனார்கள். ஒவ்வொருவரும் குதிகாலும் பெருவிரலும் தொட வரப்பில் அடி வைத்து, வாய்விட்டு எண்ணி, மூலைக்கு மூலை நின்று தாளில் குறித்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலையில் வேம்பு நூற்றெழுபதாவது அடியில் இருந்தபோது பண்ணையின் கணக்கு வழக்கைப் பார்க்கும் காரியக்காரர் வைத்தியலிங்கம் குடையோடு எதிரே வந்தார். சர்க்கார் நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்த நாளிலிருந்து அந்த மனிதருக்குத் தூக்கம் சரியில்லை. எந்த ஆபீஸிலிருந்து யார் எப்போது அளக்க வருவார்களோ என்று தெரு நாய் குரைத்தாலும் எட்டிப் பார்ப்பவர். வரப்பில் ஒரு பெண் பிள்ளை காகிதமும் பென்சிலுமாக அளவெடுப்பதைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது.

யார் வீட்டுப் பிள்ளை, யார் அனுப்பினது என்று விசாரித்தார். முருகையன் மகள், டீச்சர் சொன்னாங்க என்றாள் வேம்பு. முருகையன் விவசாயக் கூலிச் சங்கத்துக்காரன். போதாதா? தாளைப் பிடுங்கி படத்தையும் எண்களையும் நான்கு எல்லைகளையும் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. தாளை அவள் கையிலேயே திணித்துவிட்டுப் பண்ணை வீட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். வேம்பு எண்ணிக்கை விட்டுப்போன எரிச்சலில் மறுபடி முதல் மூலையிலிருந்து ஆரம்பித்தாள்.

அன்று மாலையே, டீச்சர் சங்கத்துக்காக எனக்குச் சொந்தமான வயல்களைப் பிள்ளைகளை விட்டு அளக்கிறாள் என்று புகார் எழுதி மூன்று பிரதி எடுக்கப்பட்டது. பண்ணையார் தன் கையால் கையெழுத்திட்டார். ஒன்று பங்குச் சாமியாருக்கு, அவர்தான் பள்ளித் தாளாளர். ஒன்று சப்-இன்ஸ்பெக்டருக்கு. ஒன்று மன்னார்குடியிலிருந்த பள்ளி ஆய்வாளர் அப்துல் ஜலீலுக்கு.

இது எதுவும் தெரியாமல் சனிக்கிழமை அக்னஸ் தாள்களை வாங்கிவந்தாள். முன்பக்கம் பார்த்ததும், ஐயோ, வயலை அளந்திருக்கிறார்களே என்று பதறினாள். பின்பக்கத்தைப் பார்த்ததும் குழம்பிவிட்டாள். வேம்பின் தாளில் "கண்ணாத்தாளுடையது" என்றிருந்தது. கண்ணாத்தாள் பண்ணை மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுகிறவள். மருதையன் அளந்த வயல் பண்ணை வண்டிக்காரனுக்குச் சொந்தம். இன்னொன்று, செத்துப்போய் நாலு வருஷமான பண்ணைச் சமையற்காரருடையது. ஏழு தாளிலும் ஏழு பெயர். ஒன்றிலும் சிங்காரவேலு இல்லை.

யாரிடமோ தப்பாகக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, ஏழிலும் சிவப்பு மையால் "சரியாகக் கேட்டு எழுதவும்" என்று போட்டுத் திங்கட்கிழமை ஐந்தாம் வாரத் தாளோடு திருப்பிக் கொடுத்தாள். புதன்கிழமையே வேம்பு ஏழு தாளையும் வாங்கிக் கொண்டுவந்து நீட்டினாள். தன் தாளில் சிவப்பு மைக்குக் கீழே குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: "மறுபடியும் கேட்டேன். அதையே சொன்னார்."

அதே புதன்கிழமைதான் மன்னார்குடியிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. தாள்கள் அத்தனையையும் கொண்டுவர வேண்டும். பங்குச் சாமியார் அவளைக் கூப்பிட்டு, புகார் நிரூபணமானால் ஒப்புதல் கிடைக்காது, என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

அக்னஸுக்கு அப்போதுதான் அந்தப் பெயர்களின் அர்த்தம் மெல்ல உறைத்தது. பினாமி. உச்சவரம்புக்குத் தப்பப் பண்ணையார் நிலத்தை வேற்று ஆட்கள் பெயரில் மாற்றிவிட்டார் என்று ஊரில் அரசல் புரசலாகப் பேச்சுண்டு. எந்த வயல் யார் பெயரில் என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது அந்தப் பட்டியல் ஏழு துண்டாக அவள் பெட்டியில் இருக்கிறது. அளந்ததே குற்றம் என்கிறார்கள், உளவு பார்த்த பட்டியலையும் சேர்த்து நீட்டினால் வேலை மட்டுமா போகும்?

செபஸ்தியம்மாள் விஷயத்தைக் கேட்டதும் அடுப்பைக் காட்டினாள். "அந்த ஏழையும் இதுல போட்டுரு. கோழி தின்னுருச்சுன்னு சொல்லு."

"நெல்லைத் தின்னும்மா. காயிதத்தையுமா தின்னும்?"

"நீ எடு, நான் போடறேன்."

அக்னஸ் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தைரியத்தால் அல்ல. அத்தனை தாளையும் என்று கடிதத்தில் கோடு போட்டிருந்தது. அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை முருகையன் வந்து, தெருவே திரண்டு பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நிற்கிறோம் என்றான். அவள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்றாள். நீங்கள் திரண்டு வந்தால் நான் சங்கத்து ஆள் என்று அவர்கள் சொல்வது உண்மையாகிவிடும் என்றாள். முருகையன் தலையைச் சொறிந்தான்.

"சரிங்க டீச்சரம்மா. சட்டப்படி நாலு பேரு மட்டும் வர்றோம்."

வெள்ளிக்கிழமை அப்துல் ஜலீல் கூத்தாநல்லூர் வரை பஸ்ஸிலும் அங்கிருந்து வாடகைச் சைக்கிளிலும் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது, மெல்லிய தேகம். ஐந்தாம் வகுப்பு அறையில் காக்கிச் சட்டைகளுக்கு அடியில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். பண்ணையாருக்கு நாற்காலி. காரியக்காரர் அவர் பின்னால் நின்றார். சப்-இன்ஸ்பெக்டர் கதவில் சாய்ந்துகொண்டார். அக்னஸ் தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ஆய்வாளர் அவசரப்படவே இல்லை. பறவைகளிலிருந்து ஆரம்பித்து வாரவாரியாகப் படித்தார். கோழிப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பெருக்கல் தப்பாக இருந்ததைத் தன் பேனாவால் திருத்தினார். காரியக்காரர் இருமிப் பார்த்தார். அதற்கும் அவர் நிமிரவில்லை. நான்காம் வாரத்துக்கு வந்ததும் முன்பக்கம், பின்பக்கம், முன்பக்கம், பின்பக்கம் என்று ஏழு தாளையும் புரட்டினார். அக்னஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்று பண்ணையாரிடம் புகாரைக் காட்டினார்.

"ஆமா சார்."

"எனக்குச் சொந்தமான வயல்கள்னு எழுதியிருக்கீங்க."

"ஊருக்கே தெரிஞ்ச விஷயம் சார்."

"பிள்ளைங்க வேற மாதிரி எழுதியிருக்காங்களே" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் ஏழு பின்பக்கங்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். கண்ணாத்தாள். வண்டிக்காரன். செத்துப்போன சமையற்காரர். பண்ணையாரின் முகம் மாறவில்லை. காரியக்காரரின் குடை மட்டும் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

பிள்ளைகள் வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறார்கள், இதெல்லாம் டீச்சர் சொல்லிக்கொடுத்த விஷமம் என்றார் காரியக்காரர். ஆய்வாளர் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வேம்பைக் கூப்பிட்டார். யாரைக் கேட்டு எழுதினாய் என்றார்.

"வயக்காவல் வைரக்கண்ணு மாமாவைங்க சார்."

"அவர் உடனே சொல்லிட்டாரா?"

"மொதல்ல ஓடிப் போன்னாரு. தாளைக் காட்டினேன். காயிதத்தோட வந்து கேட்டா சொல்லித்தான் ஆவணும்னு சொன்னாரு."

ஒரு கான்ஸ்டபிள் போய் வைரக்கண்ணுவை அழைத்து வந்தார். பதினெட்டு வருஷமாகப் பண்ணை வயல்களைக் காத்துவரும் மனிதர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தவர், மேஜையையும் அதன்மேல் குவிந்திருந்த காகிதங்களையும் பார்த்தார். வாய்க்காலுக்கு வடக்கே இருக்கிற வயல்கள் யார் யாருடையவை என்று ஆய்வாளர் கேட்டார். வைரக்கண்ணு காரியக்காரர் பக்கம் திரும்பினார்.

"சொல்லலாங்களா?"

காரியக்காரர் என்ன சொல்வார்? சொல்லாதே என்றால் மறைப்பதாக ஆகிவிடும். வைரக்கண்ணு பதிலுக்குக் காத்திருந்து பார்த்தார். வராததால், சொல்லிக்கொடுத்த ஞாபகத்தை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டார். மதகிலிருந்து முதல் வயல் கண்ணாத்தாள், இரண்டாவது வண்டிக்காரன், மூன்றாவது சமையற்காரர் என்று வாய்ப்பாடு போல ஒரே மூச்சில் ஏழையும் ஒப்பித்தார். ஒரு பெயர்கூடப் பிசகவில்லை. சர்க்கார் ஆள் எப்போது காகிதத்தோடு வந்து கேட்டாலும் தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷமாகப் பழக்கப்படுத்தப்பட்ட நாக்கு அது. வந்தவர்கள் ஐந்தாம் வகுப்பாக இருந்தால் சொல்லாதே என்று அவருக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

"பண்ணையாரோட வயல் எது?" என்றார் ஆய்வாளர்.

"அவுங்களுக்குத் தெக்கால இருக்கற பதினஞ்சு ஏக்கர்தானுங்க. அதுக்கு மேல ஒரு குழி நெலம் கிடையாது."

கதவில் சாய்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் சட்டென்று வெளியே பார்க்க ஆரம்பித்தார். அவருடைய தோள் குலுங்கியது.

இதையெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அப்துல் ஜலீல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பண்ணையாரைப் பார்த்தார்.

"நான் பள்ளிக்கூடத்து ஆளுங்க. நிலம் யாருதுன்னு தீர்மானிக்கறது என் வேலை இல்லே. உங்க புகாரையும் இந்த ஏழு தாளையும் தாசில்தாருக்கு அனுப்பி வைக்கிறேன். ஏழும் உங்களுதுதான்னு அவர் எழுதிக் குடுத்துட்டார்னா, அத்துமீறினதுக்கு டீச்சர் மேல நடவடிக்கை எடுத்துடலாம். உங்களுது இல்லேன்னா, புகார் குடுக்க வேண்டியது கண்ணாத்தாள். எப்படிச் செய்யலாம்?"

பண்ணையார் சிங்காரவேலு முட்டாள் இல்லை. காற்றில் ஆடிய காக்கிச் சட்டைகளை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு கண்வரை போகவில்லை.

"சின்னப் புள்ளைங்க விளையாட்டு சார். வைத்தியலிங்கம் அவசரப்பட்டுட்டான். படிக்கிற புள்ளைங்க படிக்கட்டும்."

"அதை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

எழுதினார். மூன்று பிரதிகளையும் வாபஸ் வாங்குவதாக எழுதினார். எழுந்தவர், அந்த ஏழு தாளையும் நான் எடுத்துக்கொள்கிறேனே என்று கையை நீட்டினார். ஆய்வாளர் அவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பிள்ளைங்க பாடத் தாள். இன்னும் மார்க் போடலை."

பண்ணையாரும் காரியக்காரரும் படியிறங்கிப் போன பிறகும் அக்னஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். அப்துல் ஜலீல் அவளைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். பாராட்டுவார் என்று நினைத்தாள். அவர் நான்காம் வாரக் கேள்வியைச் சுட்டிக்காட்டினார்.

"எல்லா வீட்டுக்கும் ஒரு கொல்லை இருக்கும்னு நினைச்சு எழுதியிருக்கீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளில் வேறு யாரும் சொல்லாத தப்பு அதுதான். ஆமா சார் என்றாள். தெற்குத் தெருவுக்கு வாரம் இரண்டு தடவை போகிறவள்தான், ஆனால் கேள்வி எழுதும்போது தன் வீட்டுப் பின்பக்கம்தான் கண்ணில் நின்றது என்று ஒப்புக்கொண்டாள். ஆய்வாளர் தலையசைத்தார். கேள்வியில்தான் தப்பு, பிள்ளைகள் போட்ட கணக்கில் இல்லை என்றார். அப்புறம் பையைத் திறந்து ஓர் அரசாங்கப் படிவத்தை எடுத்தார். அக்னஸின் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. அவளுக்கு எதிரிலேயே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, ஊதி உலர்த்தினார்.

"காலையில கிளம்பும்போதே இதையும் பையில வெச்சுக்கிட்டுத்தான் வந்தேன். போடலாமா, கிழிக்கலாமான்னு இங்க வந்து பார்க்கணும்னு இருந்தேன். ஸ்கூலைப் பூட்டிட்டு சும்மா இருக்கற வாத்தியாருங்களைத்தான் இந்த மாசம் பூரா பாத்துட்டு வர்றேன்."

அக்னஸ் குனிந்து தாள்களை அடுக்குவது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் சப்-இன்ஸ்பெக்டரிடம் பேசி, ஐந்தாம் வகுப்பை மட்டுமாவது காலி செய்து தரும்படி கேட்டார். அறுப்பு முடியட்டும், பார்க்கலாம் என்றார் அவர். சட்டைக் கயிற்றை வேறு அறைக்கு மாற்றுவதாக மட்டும் வாக்குக் கொடுத்தார்.

வெளியே புளியமரத்தடியில் முருகையனும் மூன்று பேரும் நின்றார்கள். ஐந்தாவது ஆள் இருபதடி தள்ளித் தனியாக நின்றான். ஆறாவது ஆள் இன்னும் இருபதடி தள்ளி. அப்படியே வரிசை வாய்க்கால் கரைவரை போயிற்று. தெற்குத் தெரு முழுக்க, சட்டத்தை மீறாமல், இடைவெளி விட்டு வந்திருந்தது. அக்னஸ் தலையசைத்தாள். அவ்வளவுதான். தலையசைப்பு ஆள்மாற்றி ஆளாகக் கடைசிவரை ஓடியது.

அதற்குள் வேம்பு உள்ளே நடந்ததை ஒன்று விடாமல் பரப்பியிருந்தாள். கண்ணாத்தாள் சாணிக் கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள். ஒருத்தி அவளை மறித்தாள்.

"என்னக்கா, மதகடி வயல்காரவுக சாணி அள்ளலாமா?"

"போடி. ரெண்டு வருஷம் முந்தி கைநாட்டு வெய்யின்னாக, வெச்சேன். ரேசனுக்குன்னுல்ல நெனச்சேன்" என்றாள் கண்ணாத்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து வடக்கே, மதகடி வயலை நின்று பார்த்தாள். முருகையன் அவள் பக்கத்தில் போய், சாயங்காலம் சங்கத்துக் கொட்டகைக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்றான்.

அக்னஸ் அதற்கு மேல் நிற்கவில்லை. வீட்டை நோக்கி நடந்தாள். நடக்க நடக்கத்தான் உடம்பு லேசாவது தெரிந்தது. இரண்டு நாளாகக் கண்ணில் படாத முற்றிய கதிர், வாய்க்கால் தண்ணீர், மாதா கோவில் மணிக்கூண்டு எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வாசலில் செபஸ்தியம்மாள் ஜெபமாலையோடு நின்றிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"பசிக்குதும்மா" என்றாள் அக்னஸ்.

பழைய சோறும் சுட்ட கருவாடும்தான் இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். கையைக் கழுவித் துடைத்த பிறகு படிவத்தை எடுத்து அம்மாவிடம் காட்டினாள். படிக்கத் தெரியாத செபஸ்தியம்மாள் கையெழுத்து எது என்று கேட்டு, அதன் மேல் படாமல் விரலை அதைச் சுற்றி நகர்த்திப் பார்த்தாள்.

அக்னஸ் கார்பன் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுதத் தொடங்கும் முன் எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆறாம் வாரத்துக் கேள்வியைத் தெற்குத் தெருவில் நின்று யோசித்துவிட்டு வந்து எழுதலாம் என்று தோன்றியது. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.